சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் உருவான வரலாறும் இலங்கை வெளியே நின்ற கதையும்

2024 நவம்பர் 21 ஆம் திகதி, இஸ்ரேலியப் பிரதமர் பென்ஜமின் நெதன்யாகுவுக்கும் அந்நாட்டின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் யோவ் கலன்டுக்கும் எதிராக, ஹேக் நகரிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்த செய்தி, கல்முனை முதல் பொத்துவில் வரையான கரையோர முஸ்லிம் ஊர்களில் பெரும் வரவேற்புடன் பேசப்பட்டது. கடலையும் வயலையும் நம்பி வாழும் பாலமுனை போன்ற ஊர்களிலும் ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னர் கூடுவோர் மத்தியில் அதுவே பேச்சாக இருந்தது. அத்தகைய பேச்சுகளின் முடிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுவதுண்டு. நெதன்யாகுவைத் தேடும் நீதிமன்றம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களுக்கு ஏன் வரவில்லை என்பதே அது. அயலிலுள்ள தமிழ்ச் சகோதரர்கள் இதே கேள்வியை முள்ளிவாய்க்காலின் பெயரால் கேட்கின்றனர். இரண்டுக்குமான விடை, அந்நீதிமன்றம் எவ்வாறு, எத்தகைய பேரம்பேசல்களின் ஊடாக நிறுவப்பட்டது என்ற வரலாற்றிலேயே பொதிந்துள்ளது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வது நன்று. ஹேக் நகரில் இரண்டு உலக நீதிமன்றங்கள் உள்ளன. ஒன்று, ஐக்கிய நாடுகள் சபையின் அங்கமாகிய சர்வதேச நீதிமன்றம். அது நாடுகளுக்கிடையிலான வழக்குகளை மாத்திரமே விசாரிக்கும். 2023 டிசெம்பரில் தென்னாபிரிக்கா இஸ்ரேலுக்கு எதிராகத் தாக்கல் செய்த வழக்கும், 2019 நவம்பரில் ரோஹிங்யா முஸ்லிம்களுக்காக காம்பியா மியன்மாருக்கு எதிராகத் தாக்கல் செய்த வழக்கும் அங்கேயே உள்ளன. இலங்கையரான நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி 1991 முதல் 2000 வரை அமர்ந்திருந்ததும், இறுதி மூன்று ஆண்டுகள் உப தலைவராக விளங்கியதும் அந்த ஆசனத்திலேயே. இஸ்லாமியச் சட்டவியல் பற்றி விரிவான நூலொன்றை எழுதிய கத்தோலிக்கர் என்ற வகையிலும் அவரை எமது வாசகர்கள் அறிந்திருத்தல் வேண்டும். மற்றையது, தனிமனிதர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். இது ஐ.நா.வின் அங்கமன்று, தனியான ஓர் உடன்படிக்கையின் மூலம் 2002 இல் நடைமுறைக்கு வந்தது. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

இவ்வாறான ஒரு நீதிமன்றம் வேண்டும் என்ற சிந்தனை முதன்முதலில் 1872 இல் முறையாக முன்வைக்கப்பட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் ஸ்தாபகர்களுள் ஒருவரான சுவிற்சர்லாந்து நாட்டவர் குஸ்தாவ் முவானியே, பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையிலான போரின் கொடுமைகளைக் கண்டு, போர் விதிகளை மீறுவோரை விசாரிக்க ஒரு மன்றம் அமைக்குமாறு கோரினார். எந்த அரசும் செவிசாய்க்கவில்லை. முதலாம் உலகப் போரின் முடிவில், 1919 ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை ஜேர்மனியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மை விசாரிக்க ஏற்பாடு செய்தது. அவரோ நெதர்லாந்தில் தஞ்சமடைந்திருந்தார். அவரை ஒப்படைக்க அந்நாடு மறுத்துவிட்டது. அதே ஹேக் நகரைத் தன்னகத்தே கொண்ட நாடுதான் அது என்பது வரலாற்றின் விசித்திரம். 1920 இன் செவ்ர் உடன்படிக்கை ஓட்டோமான் ஆட்சியில் ஆர்மேனியர் கொல்லப்பட்டமைக்குப் பொறுப்பானவர்களை ஒப்படைக்குமாறு கூறியது. அந்த உடன்படிக்கையே நடைமுறைக்கு வராமல், 1923 இல் லோசான் உடன்படிக்கைக்கு இடம்விட்டது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறியது. 1945 நவம்பரில் நியூரம்பேர்க்கில் தொடங்கிய விசாரணை 1946 ஒக்டோபர் முதலாம் திகதி தீர்ப்புடன் முடிவுற்றது. பன்னிருவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது, மூவர் விடுவிக்கப்பட்டனர். அரசின் ஆணைக்குக் கீழ்ப்படிந்தேன் என்பது குற்றத்திலிருந்து விடுபடுவதற்கான காரணமாகாது என்ற கோட்பாடு அங்கு நிலைநாட்டப்பட்டது. ஆயினும் வென்றவர்கள் தோற்றவர்களை மாத்திரமே விசாரித்தனர். டோக்கியோ விசாரணையில் அமர்ந்த பதினொரு நீதிபதிகளுள் ஒருவரான வங்காளத்தைச் சேர்ந்த இராதா பினோத் பால், குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் விடுவிக்க வேண்டும் எனத் தனித் தீர்ப்பு எழுதியமைக்கு இதுவும் ஒரு காரணம். அவரது முடிவுடன் உடன்படாதவர்களும், ஹிரோஷிமா பற்றி எந்த மன்றமும் வாய்திறக்கவில்லை என்ற உண்மையை மறுக்க முடியாது.

1948 டிசெம்பர் 9 ஆம் திகதி ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட இனவழிப்புக்கு எதிரான சாசனம், தனது ஆறாவது உறுப்புரையில் சர்வதேச தண்டனை மன்றம் ஒன்றைப் பற்றிக் குறிப்பிட்டது. ஆனால் அம்மன்றம் அப்போது இருக்கவில்லை. இலங்கை அச்சாசனத்தில் 1950 இலேயே இணைந்துகொண்டது. இல்லாத நீதிமன்றத்திற்கான வரைவுகளை ஐம்பதுகளின் தொடக்கத்தில் நிபுணர்கள் தயாரித்தனர். ஆக்கிரமிப்பு என்றால் என்ன என்பதற்கு வரைவிலக்கணம் காணும்வரை பொறுத்திருப்போம் எனக் கூறி வல்லரசுகள் அவற்றை ஒதுக்கிவைத்தன. அந்த வரைவிலக்கணத்தைக் காண்பதற்கு 1974 வரை சென்றது! கெடுபிடிப் போர்க் காலத்தில் இருதரப்பாருக்கும் இந்த நீதிமன்றம் வேண்டாதிருந்தது என்பதே உண்மை.

உறங்கிய திட்டத்தைத் தட்டியெழுப்பியது ஒரு சின்னஞ்சிறு தீவு நாடு. 1989 இல் திரினிடாட் டொபாகோவின் பிரதமர் ஆர்தர் ரொபின்சன், போதைப்பொருள் கடத்தற்காரர்களைத் தனித்து எதிர்கொள்ளத் தமது நாட்டுக்கு வலுவில்லை என்றும், சர்வதேச நீதிமன்றம் ஒன்று அவசியம் என்றும் பொதுச் சபையில் வலியுறுத்தினார். போதைப்பொருள் கடத்தல் இறுதியில் அந்த நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தில் சேர்க்கப்படவேயில்லை. எனினும் அவர் திறந்துவிட்ட வழியில் சர்வதேச சட்ட ஆணைக்குழு 1994 இல் வரைவொன்றைச் சமர்ப்பித்தது.

அந்த இடைக்காலத்தில் பொஸ்னியாவில் முஸ்லிம்களின் இரத்தம் ஆறாக ஓடியது. பாதுகாப்புச் சபை விசாரணைக்காக அமைத்த நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எகிப்தில் பிறந்த சட்டப் பேராசிரியர் ஷெரீப் பஸியூனி. ஐ.நா. போதிய நிதி வழங்காத நிலையில், தாம் கற்பித்த சிக்காகோ டீபோல் பல்கலைக்கழகத்தின் தொண்டர்களைக் கொண்டு சாட்சியங்களைத் திரட்டினார். 1993 மே 25 ஆம் திகதி 827 ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் யூகோஸ்லாவியாவுக்கான விசேட நீதிமன்றம் நிறுவப்பட்டது. நீதிமன்றம் அமைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், 1995 ஜூலையில், ஐ.நா. பாதுகாப்பு வலயமாகப் பிரகடனம் செய்திருந்த ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000 வரையான முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொன்று குவிக்கப்பட்டனர். நீதிமன்றம் இருப்பது மாத்திரம் கொலையைத் தடுத்துவிடாது என்ற கசப்பான உண்மையை நாம் மறத்தலாகாது. அதேவேளை, அந்த நீதிமன்றம் 161 பேர்மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்து, 2017 இல் மூடப்படுவதற்கு முன்னர் எவரையும் தலைமறைவாக விட்டுவைக்கவில்லை என்பதும் உண்மையே.

ருவாண்டாவுக்கான விசேட நீதிமன்றம் 1994 நவம்பரில் அமைக்கப்பட்டது. அங்கு நீதிபதியாக அமர்ந்தவர்களுள் ஒருவர் நவநீதம் பிள்ளை. டர்பன் நகரில் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த பேருந்துச் சாரதி ஒருவரின் மகளாக 1941 இல் பிறந்தவர். நிறவெறி ஆட்சியின் கீழ் சட்டத்தரணியாகப் போராடியவர். தாபா என்ற ஊரின் நகரத் தலைவராக இருந்த அகயேசு மீதான வழக்கில் தொடக்கக் குற்றப்பத்திரத்தில் பாலியல் வன்முறை பற்றி ஒரு சொல்கூட இருக்கவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறிய பெண்கள் அதைக் கூறினர்; ஆசனத்திலிருந்த ஒரேயொரு பெண் நீதிபதியான பிள்ளை அதைச் செவிமடுத்தார்; குற்றப்பத்திரம் திருத்தப்பட்டது. 1998 செப்டெம்பர் 2 ஆம் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பு, சர்வதேச நீதிமன்றமொன்று இனவழிப்புக் குற்றத்துக்காக வழங்கிய முதலாவது தண்டனைத் தீர்ப்பாகும். பாலியல் வல்லுறவும் இனவழிப்பின் கருவியாகலாம் என்பதும் அதிலேயே உறுதிசெய்யப்பட்டது.

அதே ஆண்டு ஜூன் 15 ஆம் திகதி, ரோம் நகரில் ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனத்தின் தலைமையகத்தில் 160 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். கனடாவின் பிலிப் கிர்ஷ் முழு அவைக் குழுவுக்கும், பொஸ்னியாவில் பணியாற்றிய அதே பஸியூனி வரைவுக் குழுவுக்கும் தலைமை தாங்கினர். ஐந்து வாரங்கள் நீடித்த அம்மாநாட்டில் எழுந்த சர்ச்சைகள் ஏராளம். மரண தண்டனை வேண்டும் என அரபு நாடுகளும் கரீபியன் நாடுகளும் சிங்கப்பூரும் வாதிட்டு வெற்றிபெறவில்லை. அணுவாயுதப் பிரயோகத்தைக் குற்றமாக்குமாறு இந்தியா கோரியது, அதுவும் நிராகரிக்கப்பட்டது. உள்நாட்டுப் போர்களில் இழைக்கப்படும் குற்றங்களைச் சேர்ப்பதற்கு ஆசிய நாடுகள் பல எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த எதிர்ப்பு வென்றிருந்தால், எம்மைப் போன்ற நாடுகளுக்கு இந்த நீதிமன்றத்தினால் ஒரு பயனும் இருந்திராது. நல்வேளையாக அது வெல்லவில்லை.

எமக்கு மிக முக்கியமான சர்ச்சை வேறொன்று. எந்த நாட்டின் சம்மதம் இருந்தால் வழக்கை எடுக்கலாம்? குற்றம் நிகழ்ந்த நாடு, குற்றஞ்சாட்டப்பட்டவரின் நாடு, பாதிக்கப்பட்டவரின் நாடு, குற்றஞ்சாட்டப்பட்டவரைத் தடுத்துவைத்திருக்கும் நாடு ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்று உறுப்பினராக இருந்தாலே போதும் எனத் தென்கொரியா பிரேரித்தது. பெரும்பான்மையான நாடுகள் அதை ஆதரித்தன. அமெரிக்காவோ, குற்றஞ்சாட்டப்பட்டவரின் சொந்த நாட்டின் சம்மதம் இன்றியமையாதது என்றது. தன் மக்களைக் கொல்லும் ஓர் ஆட்சியாளர் தன்மீது வழக்குத் தொடரத் தானே சம்மதிப்பாரா என்று எவரும் கேட்கலாம். இறுதி நாட்களில் எட்டப்பட்ட சமரசத்தில் நான்கில் இரண்டு கழற்றிவிடப்பட்டன. குற்றம் நிகழ்ந்த நாடு, குற்றஞ்சாட்டப்பட்டவரின் நாடு ஆகிய இரண்டே எஞ்சின. தென்கொரியப் பிரேரணை நிலைத்திருந்தால், குற்றமிழைத்த ஒருவர் உறுப்பு நாடொன்றின் விமான நிலையத்தில் இறங்கியதுமே ஹேக்கின் எல்லைக்குள் வந்திருப்பார். புலம்பெயர்ந்து அந்த நாட்டின் பிரஜையாகிவிட்ட ஒருவர் பாதிக்கப்பட்டிருந்தாலும் வழக்கு எழுந்திருக்கும். எமது மக்களுக்கு முன்னால் மூடப்பட்ட கதவு அதுவே.

ஒரு பக்கவழி மாத்திரம் விடப்பட்டது. உறுப்பினரல்லாத நாடொன்றின் விடயத்தையும் பாதுகாப்புச் சபை நீதிமன்றத்துக்குப் பாரப்படுத்தலாம். சூடானின் டார்பூர் 2005 இலும் லிபியா 2011 இலும் அவ்வாறே ஹேக்குக்குச் சென்றன. ஆனால் அதற்கு ஐந்து வல்லரசுகளில் ஒன்றும் வீட்டோ அதிகாரத்தைப் பயன்படுத்தாதிருத்தல் வேண்டும். இலங்கைக்கு எதிராக அவ்வாறானதொரு தீர்மானத்தைச் சீனாவும் ரஷ்யாவும் அனுமதிக்கும் என எதிர்பார்ப்பவர் அரசியல் அறியாதவர்.

ரோமில் இலங்கை மௌனமாக இருக்கவில்லை. இந்தியா, துருக்கி மற்றும் சில கரீபியன் நாடுகளுடன் இணைந்து பயங்கரவாதத்தையும் நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்துக்குள் கொண்டுவருமாறு வலியுறுத்தியது. 1998 ஜனவரியில் கண்டி தலதா மாளிகையின் மீது குண்டுத் தாக்குதல் நடத்தப்பட்டிருந்த காலம் அது. பயங்கரவாதத்துக்குப் பொதுவான வரைவிலக்கணம் இல்லை என்ற காரணத்தினால் கோரிக்கை ஏற்கப்படவில்லை; பின்னொரு காலத்தில் பரிசீலிக்கலாம் என்ற தீர்மானத்துடன் விடயம் முடிந்தது. ஆனால் பொதுமக்கள் மீது பரந்த அளவில் அல்லது திட்டமிட்டு நடத்தப்படும் தாக்குதல், அதை அரசு செய்தாலும் ஆயுதக்குழு செய்தாலும், மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாகச் சாசனத்தில் சேர்க்கப்பட்டது என்பதைக் கொழும்பு கணக்கிலெடுத்ததாகத் தெரியவில்லை.

ஜூலை 17 ஆம் திகதி இரவு வாக்கெடுப்பு நடைபெற்றது. 120 நாடுகள் ஆதரித்தன, 7 எதிர்த்தன, 21 நடுநிலை வகித்தன. நாடுகளின் பெயர்கள் பதிவுசெய்யப்படாத வாக்கெடுப்பாயினும் அமெரிக்கா, சீனா, இஸ்ரேல் ஆகியன தாம் எதிர்த்ததைப் பகிரங்கமாக அறிவித்தன. ஆக்கிரமித்த நிலத்தில் தன் குடிமக்களைக் குடியேற்றுவது போர்க் குற்றம் என்ற வாசகமே இஸ்ரேலின் பிரதான ஆட்சேபனை. அரபு நாடுகளின் விடாமுயற்சியால் அதில் நேரடியாகவோ மறைமுகமாகவோ என்ற சொற்களும் சேர்க்கப்பட்டிருந்தன.

சாசனத்தை முதலில் ஏற்றுறுதி செய்த நாடு செனகல் என்பதும், அது முஸ்லிம்களைப் பெரும்பான்மையாகக் கொண்டது என்பதும் குறிப்பிடத்தக்கன. நடைமுறைக்கு வர 60 நாடுகளின் ஏற்றுறுதி தேவைப்பட்டது. 2002 ஏப்ரல் 11 ஆம் திகதி நியூயோர்க்கில் ஜோர்தான், பொஸ்னியா, கம்போடியா உள்ளிட்ட பத்து நாடுகள் ஒன்றாகப் பத்திரங்களைக் கையளித்து அந்த எல்லையைத் தாண்டின. அந்த வாரத்தை இலங்கை முஸ்லிம்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருப்பர். அதற்கு முதல்நாள் கிளிநொச்சியில் பிரபாகரன் சர்வதேச ஊடகவியலாளர்களைச் சந்தித்தார். ஏப்ரல் 13 ஆம் திகதி அவருக்கும் ரவூப் ஹக்கீமுக்கும் இடையில் உடன்படிக்கை கைச்சாத்தானது. உலகமே குற்றவியல் நீதிமன்றத்தைப் பற்றிப் பேசிய நாட்களில் எமது பேச்சுவார்த்தை மேசையில் அந்தச் சொல்லுக்கு இடமிருக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில், உள்நாட்டுப் போரின் நடுவிலேயே கொலம்பியா சாசனத்தை ஏற்றது. போர்க் குற்றங்களுக்கு மட்டும் ஏழு ஆண்டுகள் விலக்குக் கோர 124 ஆவது உறுப்புரை அனுமதித்ததை அந்நாடு பயன்படுத்திக்கொண்டது. சமாதான முயற்சி குழம்பிவிடும் என்ற அச்சத்துக்கு அப்போதே ஒரு மருந்து இருந்தது என்பதற்காகவே இதைக் கூறுகின்றோம்.

2002 ஜூலை 1 ஆம் திகதி சாசனம் நடைமுறைக்கு வந்தது. 2003 மார்ச் 11 ஆம் திகதி பதவியேற்ற முதல் 18 நீதிபதிகளுள் நவநீதம் பிள்ளையும் ஒருவர். உறுப்பு நாடுகளின் பேரவைக்கு முதல் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டவர் ஜோர்தானிய இளவரசர் செயித் ராத் அல் ஹுசைன். இவ்விருவரும் பின்னர் அடுத்தடுத்து ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஸ்தானிகர்களாக வந்தனர். இலங்கை தொடர்பான ஐ.நா. விசாரணையை 2014 இல் ஆரம்பித்து வைத்தவர் பிள்ளை. 2015 செப்டெம்பரில் அறிக்கையை வெளியிட்டவர் செயித். கலப்பு நீதிமன்றம் அமைக்குமாறும் ரோம் சாசனத்தில் இணையுமாறும் அவ்வறிக்கை இலங்கைக்குப் பரிந்துரைத்தது. ஒரு தமிழ் வம்சாவளிப் பெண்ணும் ஓர் அரபு முஸ்லிமும் ஆதலால் பக்கச்சார்பானவர்கள் என எமது நாட்டில் சிலர் தூற்றினர். அந்த நீதிமன்றத்தைக் கட்டியெழுப்பியவர்கள் அவர்கள் என்பதைத் தூற்றியவர்கள் கூறவில்லை. காஸாவில் நிகழ்ந்தது இனவழிப்பே என 2025 செப்டெம்பரில் முடிவுக்கு வந்த ஐ.நா. விசாரணை ஆணைக்குழுவின் தலைவராக அப்போது இருந்தவரும் இதே பிள்ளைதான்.

2025 இன் தொடக்கத்தில் உறுப்பு நாடுகளின் தொகை 125 ஆக இருந்தது. தெற்காசியாவில் ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், மாலைதீவு ஆகிய மூன்றும் இணைந்தன. இலங்கை கைச்சாத்திடவேயில்லை. பங்களாதேஷ் 2010 இல் இணைந்ததன் பயனை எண்ணிப் பாருங்கள். மியன்மார் உறுப்பினரல்ல, ஆயினும் விரட்டப்பட்ட ரோஹிங்யாக்கள் எல்லையைக் கடந்து உறுப்பு நாட்டின் மண்ணில் கால்வைத்தமையால், நாடுகடத்தல் என்ற குற்றத்தின் ஒரு பகுதி அங்கு நிகழ்ந்தது எனக் கூறி 2019 நவம்பரில் விசாரணைக்கு அனுமதி வழங்கப்பட்டது. பலஸ்தீனம் 2015 இல் இணைந்ததாலேயே நெதன்யாகு மீதான பிடியாணையும் சாத்தியமாயிற்று.

இனி ஆரம்பக் கேள்விக்கு வருவோம். 1990 ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியில் இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். அதற்கு முன்னர், ஜூனில், கல்முனை உள்ளிட்ட கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். அதே ஓகஸ்டில் வீரமுனைக் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டனர். சாசனத்தின் பதினொராவது உறுப்புரைப்படி 2002 ஜூலை முதலாம் திகதிக்கு முற்பட்ட எந்தக் குற்றமும் ஹேக்கில் விசாரிக்கப்பட மாட்டாது. நாளையே இலங்கை இணைந்தாலும் 1990 அங்கு செல்லாது. 2015 ஐ.நா. அறிக்கையும் 2002 பெப்ரவரி முதலான காலத்தையே ஆராய்ந்தது என்பதால், முஸ்லிம்களின் பெருந்துயரங்கள் அதற்கும் வெளியே நின்றுவிட்டன. இதை எமது அரசியல் தலைமைகள் மக்களுக்குத் தெளிவாகக் கூறியிருக்க வேண்டும்.

2002 க்குப் பிற்பட்டவற்றின் நிலை வேறு. 2006 செப்டெம்பரில் பொத்துவில் ரதல்ல குளத்தருகே 10 முஸ்லிம் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அரசு புலிகளைக் குற்றஞ்சாட்டியது; ஊர் மக்கள் விசேட அதிரடிப்படையைச் சந்தேகித்தனர். 2009 இன் இறுதிப் போரும் இக்காலத்துக்கு உட்பட்டதே. புதிதாக இணையும் நாட்டுக்கு இணைந்த நாள் முதலே சாசனம் பொருந்தும். எனினும் பன்னிரண்டாவது உறுப்புரையின் மூன்றாம் பந்தியின் கீழ் பிரகடனமொன்றைக் கையளித்து, நியாயாதிக்கத்தை 2002 ஜூலை வரை பின்னோக்கி ஏற்கலாம். பலஸ்தீனம் 2014 ஜூன் முதல் என இவ்வாறே பின்னோக்கி ஏற்றது. அத்தகைய பிரகடனத்தில் கையொப்பமிடும் துணிவு கொழும்பில் இதுவரை எந்த அரசுக்கும் வரவில்லை.

1990 க்கான வழி உள்நாட்டிலேயே உள்ளது. பின்னோக்கிய தண்டனைச் சட்டத்தைத் தடைசெய்யும் எமது அரசியலமைப்பின் 13(6) ஆவது உறுப்புரை, ஒரு செயல் இழைக்கப்பட்ட வேளையில் நாடுகளின் சமூகம் ஏற்றுக்கொண்ட பொதுவான சட்டக் கோட்பாடுகளின்படி குற்றமாக இருந்திருப்பின் அதைத் தண்டிப்பதற்குத் தடையில்லை எனவும் கூறுகின்றது. பள்ளிவாசலில் தொழுதவர்களையும் கோயிலில் ஒதுங்கியவர்களையும் கொல்வது 1990 இல் உலகெங்கும் குற்றமே. அந்த உறுப்புரையைப் பயன்படுத்தி, மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களை 1990 வரை பின்னோக்கி விசாரிக்கும் சட்டமொன்றைக் கொண்டுவரப் பாராளுமன்றத்துக்கு ஹேக்கின் அனுமதி தேவையில்லை. அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களின் முஸ்லிம், தமிழ் உறுப்பினர்கள் இணைந்து ஒரு தனிநபர் பிரேரணையாகவேனும் அதைச் சபையில் சமர்ப்பிக்கலாம்.